கையளவு நோட்டுகளின் வழியே: ஜோனத்தன் எட்வர்ட்ஸ் நடந்த ஊர்களில் எட்டு நாள்

புறப்படும் முன்

18ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆயரும் இறையியலாளருமான ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்றதும் பலருக்கு ஒரே ஒரு பிரசங்கம்தான் நினைவுக்கு வரும். ‘கோபங்கொண்ட தேவனின் கரங்களில் பாவிகள்’ என்ற அந்தப் பிரசங்கத்தை அவர் 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டு என்ற சிற்றூரில் செய்தார். அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்கள் அதை விடாமல் அச்சிட்டுவருவதால், நரகத்தைக் காட்டி மிரட்டியவர் என்ற முத்திரை அவர்மேல் ஆழமாகக் குத்தப்பட்டுவிட்டது. அவருடைய பிரசங்கக் கையெழுத்துப் பிரதிகள் சுமார் 1,200 இன்றும் இருக்கின்றன. தேனின் இனிப்பு, சிலந்தியின் நூல், பரலோகம் என்னும் அன்பின் உலகம் என்று அவற்றில் விரிவது வேறொரு மனிதர். ஒரு பிரசங்கத்தை அவர் எப்படிக் கட்டினார், எங்கே எடுபட்டது, எங்கே எடுபடவில்லை, ஏன் என்று அவர் வாழ்ந்த ஊர்களிலேயே பார்த்துவருவதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

பாதை: கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன், தெற்கு விண்ட்சர், என்ஃபீல்டு, மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன், ஸ்டாக்பிரிட்ஜ், வில்லியம்ஸ்டவுன், கடைசியாக நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன். நியூ ஹேவனிலிருந்து நார்தாம்ப்டன்வரை ரயில் உண்டு. ஆனால் தெற்கு விண்ட்சரும் ஸ்டாக்பிரிட்ஜும் ரயிலுக்கு எட்டாதவை என்பதால் வாடகைக் கார்தான் வசதி. ஜூன் முதல் செப்டம்பர்வரை போவது நல்லது. ஸ்டாக்பிரிட்ஜின் மிஷன் ஹவுஸ் கோடைப் பருவத்தில்தான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் கல்லறைத் தோட்டங்களைப் பனி மூடிவிடும், கல்லில் எழுத்தே தெரியாது.

நாள் 1: நியூ ஹேவன்

ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம். 1963இல் திறந்த கட்டடம். சன்னல்களே இல்லை, மெல்லிதாக அறுத்த வெர்மாண்ட் சலவைக்கல் பலகைகளின் ஊடாக வெளிச்சம் தேன் நிறத்தில் உள்ளே கசிகிறது. கீழே உள்ள கண்காட்சிக் கூடத்துக்குக் கட்டணமில்லை, யாரும் போகலாம். எட்வர்ட்ஸின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆனால் அவை வாசிப்பு அறையில் மட்டுமே கிடைக்கும். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, எந்தப் பெட்டி வேண்டும் என்று பட்டியலில் பார்த்துக் கேட்டுவைக்க வேண்டும். அடையாள அட்டை அவசியம். பையைப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான்.

முதல்முறை பார்ப்பவர்கள் திகைப்பது பிரதிகளின் அளவைக் கண்டுதான். பெரும்பாலானவை சுமார் 10 செ.மீ. சதுரம், உள்ளங்கைக்குள் அடங்கும். தாளை மடித்து, வெட்டி, நடுவில் நூல் கோத்துத் தைத்த குட்டி நோட்டுகள். பிரசங்க பீடத்தில் வேதாகமத்தின்மேல் வைத்துக் கையால் மறைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில், அதாவது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், தாள் விலை அதிகம். அதனால் வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன, ஓரம் என்று ஒன்று அநேகமாக இல்லை. பழைய கடிதங்களின் பின்பக்கம், வீட்டுப் பெண்கள் விசிறி செய்தபோது மிஞ்சிய தாள் துண்டு என்று எதையும் அவர் வீணாக்கவில்லை. விசிறித் தாள் துண்டுகள் வளைவாக வெட்டுப்பட்டிருப்பதால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

படிப்பது கடினம். மை, மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய வகை. காலப்போக்கில் பழுப்பாகித் தாளை அரித்து மறுபக்கமும் தெரியும். சொற்களையும் சுருக்கிவிடுவார்; ‘கிறிஸ்து’ என்பதற்கு ஒரு பெருக்கல் குறியே போதும். ஆகவே நேராக மூலத்தில் இறங்குவது வீண். அவருடைய எழுத்துகளை யேல் 1957 முதல் 2008 வரை 26 தொகுதிகளாக அச்சிட்டது. இன்னும் பல தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பிரசங்கத்தின் அச்சுப் பாடத்தை முதலில் நன்றாகப் படித்துவிட்டு, பிறகு அதே பிரசங்கத்தின் நோட்டைக் கேட்டு வாங்கினால் இரண்டாம் மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

நோட்டுகளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கட்டமைப்பு. பியூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) பிரசங்கத்துக்கு மூன்று பகுதிகள். முதலில் வேதவசனம்: அதன் இடம், பொருள், முன்பின் தொடர்பு. அடுத்தது உபதேசம்: வசனத்திலிருந்து பிழிந்தெடுத்த ஒரே வாக்கியமும், அதற்கு எண் போட்ட காரணங்களும். மூன்றாவது பயன்: இது உனக்கு என்ன சொல்கிறது, உன்னை நீ எப்படிச் சோதிப்பாய், இன்று வீட்டுக்குப் போய் என்ன செய்வாய். எண் போடுவது வெறும் ஒழுங்குக்காக அன்று. கேட்பவர்களில் பலர் குறிப்பெடுத்தார்கள். வீட்டுத் தலைவர் மாலையில் பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்பார். எண் இருந்தால்தான் நினைவில் நிற்கும்.

மறுபடி செய்த பிரசங்கத்தின் நோட்டில் எந்த ஊர், எந்த மாதம் என்று குறித்துவைப்பது அவர் வழக்கம். அந்தக் குறிப்புகள்தான் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

எட்வர்ட்ஸ் இங்கே மாணவராகச் சேர்ந்தது 1716இல், பதின்மூன்று வயது நிரம்பும் முன்பே. அப்போது கல்லூரி ஊர் ஊராகச் சிதறிக்கிடந்தது. முதலில் வெதர்ஸ்ஃபீல்டில் படித்துவிட்டு 1719இல்தான் நியூ ஹேவன் வந்தார். 1720இல் பட்டம், 1724 முதல் 1726 வரை இங்கேயே பயிற்றுநர் வேலை. 1727 ஜூலையில் மணந்த சாரா பியர்பாண்ட் இந்த ஊர் ஆயரின் மகள். கல்லூரித் திடலில் நிற்கும்போது இன்னொரு மாணவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பயிற்றுநருக்கு ‘இந்த நாற்காலிக்கு இருக்கும் அளவு கிருபைகூட இல்லை’ என்று சொன்னதற்காக 1742இல் வெளியேற்றப்பட்ட டேவிட் பிரெய்னர்ட். ஐந்தாம் நாள் அவரிடம் வருவோம்.

நாள் 2: தெற்கு விண்ட்சர்

வரைபடத்தில் ‘கிழக்கு விண்ட்சர்’ என்று தேடிப் போனால் ஊர் தவறிவிடும். எட்வர்ட்ஸ் 1703 அக்டோபர் 5 அன்று பிறந்தது கிழக்கு விண்ட்சரில்தான். ஆனால் அந்தப் பகுதி 1845இல் தெற்கு விண்ட்சர் என்று பிரிந்துவிட்டது. ஹார்ட்ஃபோர்டிலிருந்து கனெக்டிகட் ஆற்றின் கிழக்குக் கரையோடு வடக்கே போனால் கால் மணி நேரம். வீடு இல்லை, நினைவுப் பலகைதான். மெயின் தெருவில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் தந்தை திமோத்தேயு எட்வர்ட்ஸ் அடக்கமாகியிருக்கிறார். அறுபது ஆண்டுக்கு மேல் இதே சபையில் ஊழியம் செய்தவர். மகன் இறப்பதற்கு இரண்டே மாதம் முன்பு, 1758 ஜனவரியில் காலமானார். பிள்ளைகள் பதினொருவர். பத்துப் பெண்களுக்கு நடுவே ஜோனத்தன் ஒரே ஆண்.

இங்கே ஒரு மணி நேரம் போதும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வந்தால் புல்வெளியை உற்றுப் பாருங்கள். பறக்கும் சிலந்திகளைப் பற்றி எட்வர்ட்ஸ் எழுதிய புகழ்பெற்ற கடிதம் 1723 அக்டோபரில் எழுதியது. சிலந்தி எப்படி ஒரு நூலைக் காற்றில் விட்டு, அது மேலே தூக்க, தன் உடலையே மிதக்கவிடுகிறது என்பதை வெயிலுக்கு எதிரே மறைவில் நின்று கண்டு எழுதியிருக்கிறார். பதினெட்டு ஆண்டு கழித்து என்ஃபீல்டில் நெருப்பின்மேல் தொங்கப்போகும் சிலந்தி, புத்தகத்தில் படித்த சிலந்தி இல்லை.

நாள் 3: என்ஃபீல்டு, லாங்மெடோ

ஐந்தாம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள் வரும்போது என்ஃபீல்டு தெரு ஆகிறது. அதன் ஓரத்தில், பழைய ஆராதனைக் கூடம் நின்ற இடத்தில் ஒரு பாறாங்கல்லும் எழுத்துப் பலகையும் இருக்கின்றன. அவ்வளவே. வேகமாகப் போகும் சாலை. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவது பத்திரம். 1741இல் இந்த ஊர் மாசசூசெட்ஸைச் சேர்ந்தது. கனெக்டிகட்டுக்கு மாறியது 1749இல். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் இதை மறந்தால் வீணாக அலைவார்கள்.

இதே பிரசங்கத்தை எட்வர்ட்ஸ் அதற்கு முந்தைய மாதம் தன் சொந்தச் சபையான நார்தாம்ப்டனில் செய்தார். அங்கே பெரிதாக எதுவும் நடந்ததாகக் குறிப்பு இல்லை. என்ஃபீல்டில் மட்டும் கூடமே அலறியது. ஏன்?

ஆற்றின் எதிர்க்கரையைப் பாருங்கள். அது சஃப்பீல்டு. மூன்று நாள் முன்பு, ஜூலை 5 ஞாயிறன்று, எட்வர்ட்ஸ் அங்கேதான் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நடத்தினார். ஒரே நாளில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் சபையில் சேர்ந்தார்கள். சுற்று வட்டாரம் முழுவதும் எழுப்புதல், அதாவது ஜனங்கள் திரளாக மனந்திரும்பும் பக்தி அலை, தீயாகப் பரவிக்கொண்டிருக்க, என்ஃபீல்டு மட்டும் அசையாமல் இருந்தது. பக்கத்து ஊர் ஆயர்கள் கூடி ஏற்பாடு செய்த வாரநாள் கூட்டம் அது. பிரசங்கத்துக்குள்ளேயே எட்வர்ட்ஸ் அந்த முள்ளை வைத்திருக்கிறார்: சஃப்பீல்டு மக்கள் நாளுக்கு நாள் கிறிஸ்துவிடம் திரள்கிறார்களே, உங்கள் ஆத்துமா அவர்கள் ஆத்துமாவைவிட மலிவா என்று கேட்கிறார். ஆற்றுக்கு அக்கரையில் உறவினரை வைத்திருந்த ஜனத்துக்கு அந்தக் கேள்வி எப்படி இறங்கியிருக்கும் என்பதை இந்தக் கரையில் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

வசனம் உபாகமம் 32:35: ‘ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்’. வழுக்கும் தரையில் நிற்பவன் யாரும் தள்ளாமலே, தன் எடையாலேயே, எதிர்பாராத கணத்தில் விழுவான் என்று வசனத்தை விரிக்கிறார். உபதேசம் ஒரே வாக்கியம்: துன்மார்க்கரை எந்தக் கணத்திலும் நரகத்துக்குள் விழாமல் தடுப்பது தேவனுடைய சித்தம் ஒன்றுதான். அதற்குப் பத்துக் காரணங்கள். இதுவரை ‘அவர்கள்’. பயன் பகுதி தொடங்கியதும் ‘நீ’. இந்த ஒரு மாற்றத்தில்தான் பிரசங்கத்தின் விசையே இருக்கிறது. தேக்கிவைத்த வெள்ளம், நாணேற்றிய வில், நெருப்பின்மேல் நூலில் தொங்கும் சிலந்தி என்று மூன்றும் அதன்பிறகே வருகின்றன. மூன்றிலும் பொதுவாக இருப்பது விழுதல் இல்லை, இன்னும் விழாமல் இருப்பது. பிடித்திருக்கும் கை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பாடநூல்கள் நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டன.

அடுத்த நிறுத்தம் வடக்கே கொஞ்ச தூரத்தில் லாங்மெடோ. இவ்வூரின் ஆயர் ஸ்டீபன் வில்லியம்ஸ் அன்று அந்தக் கூடத்தில் இருந்தார். 1704இல் பிரெஞ்சுக்காரரும் பூர்வகுடியினரும் டியர்ஃபீல்டு ஊரைத் தாக்கியபோது சிறுவனாகச் சிறைப்பிடிக்கப்பட்டு மீண்டவர். அவருடைய நாட்குறிப்பு ஊர் நூலகத்தில் இருக்கிறது. பிரசங்கம் முடியும் முன்பே முனகலும் கூக்குரலும் கூடம் முழுக்க எழுந்ததாகவும், எட்வர்ட்ஸ் நிறுத்த வேண்டியதாயிற்று என்றும், பிறகு ஆயர்கள் பீடத்திலிருந்து இறங்கி ஜனங்களிடையே போய்ப் பேசினார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அச்சிட்ட பிரசங்கத்தின் கடைசிப் பக்கங்கள் கிருபையின் வாசல் திறந்திருக்கிறது, இன்றே உள்ளே வா என்ற அழைப்பு. அன்று சத்தத்தில் அந்தப் பகுதியைப் பீடத்திலிருந்து சொல்ல முடிந்ததா என்பது இந்த நாட்குறிப்பைப் படித்தபின் எழும் நியாயமான கேள்வி.

எட்வர்ட்ஸ் உறுமிப் பேசினார் என்று கற்பனை செய்யாதீர்கள். மெலிந்த குரல், கைவீச்சு கிடையாது, கண் நோட்டிலேயே இருக்கும். அவரை நேரில் கண்டவர்கள் சொல்வது அதுதான். அழுத்தம் முழுவதும் வாக்கியத்தில் இருந்தது.

நாள் 4: நார்தாம்ப்டன், கூடமும் எழுப்புதலும்

லாங்மெடோவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வழியாக ஏறக்குறைய 40 கி.மீ. ஊரின் நடுவே, மெயின் தெருவில் நிற்கும் செம்பழுப்புக் கல் தேவாலயம் 1878ஆம் ஆண்டுக் கட்டடம். இந்தச் சபையின் ஐந்தாவது கூடம். எட்வர்ட்ஸ் பிரசங்கித்தது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். உள்ளே அவருடைய உருவம் பொறித்த வெண்கலப் பலகை இருக்கிறது, 1900இல் வைத்தது. அவரை வெளியே அனுப்பிய சபை 150 ஆண்டு கழித்து வைத்த பலகை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் உள்ளே பார்ப்பது எளிது. மற்ற நாட்களில் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அவர் இங்கே வந்தது 1727இல், தாய்வழித் தாத்தா சாலமன் ஸ்டாடர்டுக்கு உதவி ஆயராக. 1729 பிப்ரவரியில் தாத்தா மறைந்ததும் முழுப் பொறுப்பும் 25 வயது இளைஞரின் தோளில் விழுந்தது. சுமார் இருநூறு குடும்பங்கள். ஞாயிறு இரண்டு பிரசங்கம், வாரநாளில் ஒரு விரிவுரை. ஒரு நாளில் 13 மணி நேரம் படிப்பறையில் இருந்தார் என்று அவர் வீட்டில் தங்கிப் படித்த சாமுவேல் ஹாப்கின்ஸ் எழுதியிருக்கிறார். வீடு வீடாகப் போய்ப் பேசும் வழக்கம் அவரிடம் குறைவு; யாராவது தேடி வந்தால் படிப்பறையில் உட்காரவைத்துப் பேசுவார். பின்னால் வந்த சிக்கலில் இதற்கும் பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து.

1734 இறுதியில் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் (நற்செயலால் அல்ல, விசுவாசத்தாலேயே தேவன் ஒருவரை ஏற்கிறார்) என்ற தொடர் பிரசங்கங்களோடு எழுப்புதல் தொடங்கியது. பயமுறுத்தும் பொருளே அல்ல. வாதம் வாதமாகக் கட்டிய நீண்ட விளக்கம். ஆறு மாதத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மனந்திரும்பியதாக அவர் கணித்தார். அதைப் பற்றி அவர் எழுதிய விவரணம் 1737இல் லண்டனில் அச்சாகி, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் எழுப்புதலுக்கு ஒரு வழிகாட்டி ஆயிற்று. அதே விவரணத்தில் எழுப்புதல் எப்படி அணைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1735 ஜூன் 1 அன்று அவருடைய தாயின் தங்கை கணவரான ஜோசப் ஹாலி தற்கொலை செய்துகொண்டார். தன் ஆத்துமாவின் நிலை பற்றிய கலக்கத்தில் உறக்கமிழந்து, மனச்சோர்வில் மூழ்கியிருந்தவர். பிரசங்கம் எழுப்பும் பயம் எல்லா மனத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பதை எட்வர்ட்ஸ் தன் குடும்பத்திலேயே கண்டார்.

1737 மார்ச் 13, ஞாயிறு காலை. பிரசங்கம் தொடங்கிச் சற்று நேரத்தில் மாடிக்கூடம் அப்படியே சரிந்து கீழே இருந்தவர்கள்மேல் விழுந்தது. யாரும் சாகவில்லை, எலும்பும் முறியவில்லை. எட்வர்ட்ஸ் இதைத் தேவனுடைய பாதுகாப்பு என்று எழுதினார். அதோடு நிற்காமல், ஒரு தச்சரைப் போலக் காரணமும் தேடினார். பழைய கட்டடம், அந்தக் குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பி, பிறகு இளகி, அடித்தளத்தை நகர்த்திச் சுவர்களை அகற்றிவிட்டது, உத்தரங்களின் முனை குழியிலிருந்து உருவிக்கொண்டது. இந்த ஒரு கடிதத்தைப் படித்தால் போதும், அவர் மனம் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அந்த ஆண்டே கட்டி முடித்த புதிய கூடத்தில் இருக்கைகளைச் சொத்து மதிப்பைப் பார்த்துப் பிரித்துக்கொடுத்தார்கள். முதல் வரிசைக்கு நடந்த போட்டி அவருக்குக் கசந்தது.

1740 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு இங்கே நான்கு பிரசங்கம் செய்தார். நோட்டு இல்லாமல், நாடக நடிகரைப் போல. முன் வரிசையில் எட்வர்ட்ஸ் கண்ணீர்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பைனெக்கியில் பார்த்த நோட்டுகளை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 1740களின் தொடக்கத்துக்குப் பிறகு முழுவதும் எழுதிய பிரசங்கங்கள் குறைந்து, இரண்டு பத்தியாகப் பிரித்த குறிப்புகள் பெருகுகின்றன. வேலை நெருக்கடியும் ஒரு காரணம். ஆனால் தாளிலிருந்து கண்ணை எடுத்துப் பேசிப்பார்க்கும் ஆசையும் அதில் இருக்கிறது என்றே நம்புகிறோம்.

நாள் 5: நார்தாம்ப்டன், கல்லறையும் வெளியேற்றமும்

காலையில் பிரிட்ஜ் தெருக் கல்லறைத் தோட்டம், ஊர் நடுவிலிருந்து பத்து நிமிட நடை. டேவிட் பிரெய்னர்டின் கல் படுக்கையாக மேசைபோல் கிடப்பது. பூர்வகுடி மக்களிடையே ஊழியம் செய்து, காசநோய் முற்றி, 1747 அக்டோபர் 9 அன்று எட்வர்ட்ஸ் வீட்டில் இறந்தார், வயது 29. அவரைப் பராமரித்த மகள் ஜெருஷா நான்கு மாதம் கழித்து, 1748 பிப்ரவரியில், 17 வயதில் இறந்தாள். இருவரும் அருகருகே இருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும். கல்லில் சுண்ணாம்போ மாவோ தேய்த்துப் படிக்க முயல வேண்டாம், பழைய கல் தேய்ந்துவிடும்.

பிரெய்னர்டின் நாட்குறிப்பைத் தொகுத்து எட்வர்ட்ஸ் 1749இல் வெளியிட்டார். அவர் எழுதியவற்றிலேயே அதிகம் வாசிக்கப்பட்டது அதுதான். மிஷனரிகளான வில்லியம் கேரியும் ஹென்றி மார்ட்டினும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

எட்வர்ட்ஸின் வீடு கிங் தெருவில் இருந்தது, இப்போது இல்லை. அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது விடக்கூடாத ஒன்று. 1731இல் நியூபோர்ட் துறைமுகத்தில் வீனஸ் என்று பெயரிடப்பட்ட சுமார் 14 வயது ஆப்பிரிக்கச் சிறுமியை 80 பவுண்டுக்கு வாங்கினார். விற்பனைச் சீட்டு இன்றும் இருக்கிறது. 1741இல் எழுதிய ஒரு கடித வரைவில், ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆட்களைப் பிடித்துவருவதைக் கண்டித்தார். வீட்டில் அடிமை வைத்திருப்பதை ஆதரித்து வாதிட்டார். அன்பின் உலகம் என்று பரலோகத்தை வர்ணித்த அதே பேனா. அவர் மகன் இளைய ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1791இல் அடிமை வணிகத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்து அச்சிட்டார். தந்தையின் வாதங்களிலிருந்தே தந்தை போகாத இடத்துக்குப் போக முடிந்தது. இது அவருடைய காலத்தின் குற்றம் மட்டும் என்று சொல்லிக் கடந்துவிட எங்களால் முடியவில்லை.

வெளியேற்றம் எப்படி நடந்தது? தாத்தா ஸ்டாடர்டு, ஒழுக்கமாக வாழ்பவர் யாவரும் திருவிருந்தில் பங்கு பெறலாம், அந்தப் பந்தியே மனந்திரும்ப வைக்கும் என்று நடத்திவந்தார். எட்வர்ட்ஸ் இருபது ஆண்டு அதைப் பின்பற்றிவிட்டு, இருதயத்தில் விசுவாசம் உண்டு என்று அறிக்கையிடாதவருக்கு இடமில்லை என்று முடிவெடுத்தார். ஊரில் பாதிப்பேர் ஸ்டாடர்டு காலத்தில் சேர்ந்தவர்கள். தங்கள் தாய் தந்தையின் உறுப்பினர் நிலையையே கேள்வி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் 1744இல், மருத்துவச்சிகளுக்கான நூலை வைத்துப் பெண்களைக் கேலி செய்த இளைஞர்கள் விவகாரத்தில், குற்றவாளிகள் யார், சாட்சிகள் யார் என்று பிரிக்காமல் பெயர்களைப் பீடத்திலிருந்தே வாசித்துவிட்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் இருந்தன. சம்பளத் தகராறும் புகைந்துகொண்டிருந்தது. சபை வாக்கெடுப்பில் இருநூறுக்கும் மேற்பட்டோர் எதிராக, 23 பேர் ஆதரவாக. ஆயர்கள் கூடிய மன்றம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் 1750 ஜூன் 22 அன்று உறவை முறித்தது.

ஜூலை 1 அன்று விடைபெறும் பிரசங்கம். திட்டவில்லை. ஆயரும் ஜனமும் நியாயாசனத்துக்கு முன் இன்னொரு முறை சந்திப்பார்கள், அன்று யார் சொன்னது சரி என்று தெரியும் என்பதே பொருள். மெதுவாக, காரணம் காரணமாக அடுக்குகிறார். என்ஃபீல்டு பிரசங்கத்தைவிட இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வோம். மாற்று ஆயர் கிடைக்காததால் அதன்பிறகும் சில மாதம் அவரையே வாரவாரம் பிரசங்கிக்க அழைத்தார்கள். அவரும் செய்தார்.

நாள் 6: ஸ்டாக்பிரிட்ஜ்

மலைப்பாதையில் மேற்கே சுமார் 80 கி.மீ. 1751இல் எட்வர்ட்ஸ் இந்த எல்லைப்புற மிஷனுக்கு வந்தார். ஜான் சார்ஜன்ட் 1734இல் மோஹிக்கன் என்னும் பூர்வகுடி மக்களிடையே தொடங்கிய ஊழியம். மெயின் தெருவில் உள்ள மிஷன் ஹவுஸ் சார்ஜன்ட் கட்டியது, 1920களில் குன்றிலிருந்து பிரித்தெடுத்து இங்கே மறுபடி பொருத்தியது. எட்வர்ட்ஸ் குடியிருந்தது இந்த வீட்டில் இல்லை. பலரும் குழம்புவது இதில்தான். அவர் வீடு இதே தெருவில் இருந்து இடிந்துபோனது; அந்த இடத்தில் ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது.

இங்கே செய்த பிரசங்கங்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. சில வாக்கியங்களே கொண்ட குறிப்புகள். ஜான் வாவ்வாம்பெக்குன்னாண்ட் என்ற மோஹிக்கன் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொல்வார். மொழிபெயர்ப்பாளரோடு நடக்கும் நற்செய்திக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்: துணைவாக்கியம் நீண்டால் மொழிபெயர்ப்பவர் தொலைந்துபோவார். எட்வர்ட்ஸ் தன் நீண்ட வாக்கியங்களை உடைத்தார். விதைக்கிறவன், முத்து வியாபாரி என்று உவமைகளைப் பிடித்துக்கொண்டார். இதை எளியவர்களுக்கான மட்டமான சரக்கு என்று முன்பு ஒதுக்கினார்கள். படித்துப் பாருங்கள், இருபது ஆண்டு எண் போட்டு அடுக்கியவர் ஒரே படிமத்தில் நின்று பேசக் கற்றுக்கொள்வதைப் பார்க்கலாம்.

மோஹிக்கன்களின் நிலத்தையும் பள்ளிப் பணத்தையும் வளைக்க முயன்ற செல்வாக்குள்ள குடியேறிகளை எதிர்த்து பாஸ்டனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியதும் இங்கிருந்துதான். சித்தத்தின் சுதந்திரம் பற்றிய பெருநூலை எழுதியதும் இங்கேதான், அது 1754இல் அச்சானது. மகன் இளைய ஜோனத்தன் தெருவில் மோஹிக்கன் பிள்ளைகளோடு விளையாடி, அந்த மொழியிலேயே சிந்தித்து வளர்ந்தார்; 1788இல் அதன் இலக்கணத்தைப் பற்றி எழுதினார். எல்லா நிலத்தையும் இழந்த மோஹிக்கன்கள் 1780களில் நியூயார்க்குக்கும், பிறகு விஸ்கான்சினுக்கும் பெயர்ந்தார்கள். ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பெயரை அவர்கள் கூடவே எடுத்துப்போனார்கள். அவர்கள் சமூகம் இன்றும் அங்கே இருக்கிறது.

நாள் 7: வில்லியம்ஸ்டவுன்

ஏழாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். எட்வர்ட்ஸ் நடந்த ஊர் இல்லை. தமிழர்கள் தவிர்க்கக் கூடாத ஊர். 1806 ஆகஸ்டில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் இடி மழைக்கு ஒரு வைக்கோல் போரின் ஓரம் ஒதுங்கி ஜெபித்த இடத்தில் சலவைக்கல் தூணும் மேலே உலக உருண்டையும் நிற்கின்றன. அதிலிருந்து 1810இல் வெளிநாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்பும் அமெரிக்கன் போர்டு என்ற சங்கம் பிறந்தது. அதன் இறையியல், எட்வர்ட்ஸின் சீடர்கள் வளர்த்த இறையியல். அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் சக மிஷனரி டேனியல் பூரோடு யாழ்ப்பாணம் வந்தார். 1822இல் அங்கேயே இறந்தார். தெல்லிப்பழைப் பள்ளிகள், 1823இன் வட்டுக்கோட்டை செமினரி, 1834இல் தொடங்கிய மதுரை மிஷன் எல்லாம் இந்த வைக்கோல் போரிலிருந்து நீண்ட கிளைகள்.

நாள் 8: பிரின்ஸ்டன்

நீண்ட நாள், 300 கி.மீ.க்கு மேல். அதிகாலையில் கிளம்பினால் மதியம், இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியின் பழைய கட்டடமான நாசா ஹால் முன் நிற்கலாம். 1756இல் கட்டியது. பக்கத்தில் உள்ள மஞ்சள் நிற மக்லீன் ஹவுஸ்தான் அன்றைய கல்லூரித் தலைவரின் வீடு. அதன் முதல் குடியிருப்பாளரான மருமகன் ஏரன் பர் 1757 செப்டம்பரில் இறந்ததும் எட்வர்ட்ஸைத் தலைவராக வரும்படி அழைத்தார்கள். தன் உடல்நலக் குறைவு, கணிதத்திலும் கிரேக்க இலக்கியத்திலும் உள்ள போதாமை, எழுதி முடிக்க வேண்டிய நூல்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் தயங்கினார். கடைசியில் 1758 ஜனவரியில் குடும்பத்தை ஸ்டாக்பிரிட்ஜில் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். அங்கே கடைசியாக எடுத்துப் பேசியது எபிரெயர் 13:14: ‘நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை’.

இறுதியாண்டு மாணவர்களுக்கு இறையியல் கேள்விகள் கொடுத்து, விடையை எழுதிவரச் சொல்லிக் கலந்துபேசினார். ஊரில் பெரியம்மை. பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவிலிருந்து வந்த மருத்துவர் வில்லியம் ஷிப்பன் அம்மைப்பால் வைத்தார். இது ஜென்னரின் பசுவம்மைத் தடுப்பூசி இல்லை. அதற்கு இன்னும் நாற்பது ஆண்டு ஆகவேண்டும். உண்மையான பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைத் தோலைக் கீறி வைப்பார்கள். பெரும்பாலோருக்கு லேசாக வந்து தணியும். சிலருக்கு முழு நோயாகவே மூளும். எட்வர்ட்ஸுக்கு வாயிலும் தொண்டையிலும் கொப்புளங்கள் நெருங்கி வந்தன. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. காய்ச்சலைத் தணிக்க வேண்டிய மருந்து உள்ளே இறங்க வழியில்லை. மார்ச் 22 அன்று இறந்தார். வயது 54.

கல்லறைத் தோட்டம் நடந்துபோகும் தூரம்தான். கல்லூரித் தலைவர்களின் வரிசையில் லத்தீன் எழுத்துகளோடு அவர் கல். பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, மகள் எஸ்தர் பர் இறந்தாள். அவளுடைய இரண்டு குழந்தைகளை அழைத்துப்போகப் புறப்பட்ட சாரா பிலடெல்பியாவில் வயிற்றுக்கடுப்பு கண்டு அக்டோபர் 2 அன்று இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து கணவர் பக்கத்தில் வைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் இரண்டு வயதுப் பையன் ஏரன், பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரானவர், 1804இல் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டவர். 1836இல் அவரையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். தந்தையும் தாத்தாவும் கிடக்கும் வரிசையின் கால்மாட்டில், தனியாக ஒரு கல்.